நோயுற்ற மனைவி தாயாகலாமா? தீர்மானம் யாருடையது?



அரநாயக்கப் பகுதித் தோட்டமொன்றில் வாழும் ஓர் இளந்தம்பதியை மனத்தில் வைத்துக்கொண்டு இவ்வாரப் பாடத்தைத் தொடங்குவோம். பெயர் வேண்டாம், தோட்டத்தின் பெயரும் வேண்டாம். இத்தகைய நிலையில் உள்ளவர்கள் நம் லயங்களில் ஒருவர் இருவர் அல்லர்.

கலியாணமாகி மூன்று வருடங்கள். சிறுவயதில் வந்த ஒரு காய்ச்சலினால் மனைவியின் இதய வால்வு பழுதடைந்திருக்கிறது. குறித்த நாளில் கிளினிக்குக்குப் போய் ஊசி போட்டுக்கொள்கிறாள். கொழுந்து மலை ஏறினால் மூச்சு வாங்குகிறது. மாமியார் மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்திருக்கிறார். பீலியடியில் தண்ணீர் பிடிக்கப் போனால், "இன்னும் விசேஷம் ஒன்றுமில்லையா?" என்று அடுத்த காம்பராப் பெண் கேட்கிறாள். கிளினிக்கில் டாக்டர் சிங்களத்தில் நிறையச் சொன்னார்; "பிள்ளை வேண்டாம்" என்பது மட்டும் இவர்களுக்கு விளங்கியது. ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் கலைந்த பின் கணவன் தயங்கித் தயங்கிக் கேட்கிறான்: "சாமி, பிள்ளை பெறாமல் இருந்தால் பாவமா? பெற்றால் இவள் பிழைப்பாளா?"

இவை இரண்டு கேள்விகள். முதலாவதைக் குருவிடம் கேட்கலாம். இரண்டாவதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். நம் மக்களோ பெரும்பாலும் முதலாவதை அயலாரிடமும் இரண்டாவதைக் குருவிடமும் கேட்கிறார்கள். இவ்விரண்டுக்கும் பின்னால் மூன்றாவது கேள்வியொன்று இருக்கிறது. அதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. இதைத் தீர்மானிப்பது யார்? இன்றைய பாடம் இதுவே.

1. உடலில் நடப்பது என்ன?

நம் உதாரணத்துத் தம்பதியின் நோயையே முதலில் எடுத்துக்கொள்வோம். தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஒருவகைக் கிருமி, ஒரே காம்பராவில் பலர் நெருங்கிப் படுத்துறங்கும் வீடுகளில் எளிதாகப் பரவும். தகுந்த மருந்து எடுக்காவிட்டால் சில பிள்ளைகளுக்குச் சில வாரங்களின் பின் வாதக் காய்ச்சல் வருகிறது. மூட்டு வலியும் வீக்கமும் ஆறிப்போகும். ஆனால் இதய வால்வில் தழும்பு தங்கிவிடக்கூடும். காய்ச்சல் மீண்டும் வந்தால் தழும்பு கூடும். அதைத் தடுக்கவே மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடுகிறார்கள். அந்த ஊசியைக் கர்ப்ப காலத்திலும் நிறுத்த வேண்டியதில்லை.

ஒரு பெண் கருவுற்றதும் அவளுடைய உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு படிப்படியாக 40 முதல் 50 வீதம் வரை கூடுகிறது. இதயமும் வேகமாக அடிக்கிறது. சுகதேகிக்கு இது சுமையல்ல. ஆனால் வால்வு சுருங்கியிருந்தால் கூடிய இரத்தம் அந்த இடுக்கு வழியாகப் போக முடியாமல் பின்தங்கி, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஏழாம் எட்டாம் மாதங்கள், பிரசவ வேதனை நேரம், பிள்ளை பிறந்த பின் வரும் முதல் மணித்தியாலங்களும் நாட்களும் மிகவும் ஆபத்தானவை. ஆகவே, "ஐந்து மாதம் வரை சுகமாகத்தானே இருந்தேன்" என்பது ஆறுதலாகாது.

இலங்கையில் இன்று பிரசவத்தோடு தொடர்பாக இறக்கும் தாய்மாரின் தொகை, ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 30 என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. தென்னாசியாவில் நாம் பெருமைப்படக்கூடிய நிலை இது. எனினும் எஞ்சியுள்ள அந்த மரணங்களின் முக்கிய காரணங்களில் ஒன்றாக இதய நோய் இன்னும் நிற்கிறது.

இதைப் படித்ததும் இதய நோயுள்ள எல்லாப் பெண்களும் மனம் உடைந்துவிட வேண்டாம். நோயின் அளவு ஆளுக்கு ஆள் வேறு. எக்கோ என்னும் பரிசோதனை வால்வு எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதைக் காட்டும். சிறிதளவு பழுது உள்ளவர்கள் பலர் தக்க கவனிப்போடு நலமாகப் பிள்ளை பெறுகிறார்கள். கடுமையாகச் சுருங்கியிருந்தால், நெஞ்சைத் திறக்காமலே இரத்தக் குழாய் வழியாகச் சிறு பலூனைச் செலுத்தி வால்வை விரிக்கும் சிகிச்சை பலருக்குப் பொருந்தும். அதை முடித்துக்கொண்டு பின்பு கருத்தரிப்பதே புத்தி. செயற்கை வால்வு பொருத்தியவர்கள் இரத்தம் உறையாதிருக்க வார்பரின் மாத்திரை எடுக்கிறார்கள். கர்ப்பத்தின் ஆறாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை அது சிசுவின் உறுப்புகளைப் பாதிக்கக்கூடும். அதற்காகத் தாமாகவே நிறுத்தினால் வால்வில் இரத்தம் கட்டித் தாயின் உயிரே போய்விடலாம். எனவே இவர்கள் முன்கூட்டியே டாக்டருடன் திட்டமிட வேண்டும். இதயம் மிகவும் பலவீனமானவர்களுக்கும், நுரையீரலின் இரத்தக் குழாய்களில் அழுத்தம் மிக உயர்ந்தவர்களுக்கும், கர்ப்பமே வேண்டாம் என்று டாக்டர்கள் உறுதியாகச் சொல்வார்கள். அந்தச் சொல்லை அலட்சியம் செய்யக் கூடாது.

ஆகவே "பிள்ளை வேண்டாம்" என்று டாக்டர் சொன்னால் அதற்கு மூன்று பொருள்கள் இருக்கலாம்: இப்போது வேண்டாம்; சிகிச்சை முடியும்வரை வேண்டாம்; ஒருபோதும் வேண்டாம். இவற்றில் எது தங்களுக்குரியது என்பதை அந்தத் தம்பதி அறிந்திருக்கிறார்களா? அதை அறியாமல் எடுக்கும் முடிவு, ஆம் ஆனாலும் இல்லை ஆனாலும், குருட்டு முடிவே.

2. வேறு நோய்கள்

நீரிழிவு: சிசுவின் முக்கிய உறுப்புகள் முதல் எட்டு வாரங்களுக்குள் உருவாகிவிடுகின்றன. பல பெண்கள் தாம் கருவுற்றதை அறியுமுன்பே அந்த வேலை பாதி முடிந்துவிடும். அந்நாட்களில் இரத்தத்தில் சீனி மிகுந்திருந்தால் கரு கலையவும் பிள்ளை குறையோடு பிறக்கவும் கூடும். சில மாதச் சராசரிச் சீனி அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. அது 6.5 வீதத்துக்குக் கீழே வந்தபின் கருத்தரிப்பது நல்லது. 10 வீதத்துக்கு மேலே இருக்கும்போது கருத்தரிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

வலிப்பு: வல்புரோயேட் என்னும் மாத்திரையைத் தாய் எடுத்தால், ஏறத்தாழப் பத்துப் பிள்ளைகளில் ஒன்றுக்குப் பிறவிக் குறை உண்டாகலாம். பத்தில் மூன்று அல்லது நான்கு பிள்ளைகள் வளர்ச்சியிலும் படிப்பிலும் பின்தங்கலாம். இதைவிடப் பாதுகாப்பான மாத்திரைகள் உண்டு. ஆனால் மாற்றுவது டாக்டரின் வேலை. பயந்துபோய் ஒரே நாளில் மருந்தை விட்டுவிட்டால் கடும் வலிப்பு வந்து தாயும் சிசுவும் ஆபத்துக்குள்ளாவார்கள்.

பிரஷர், சிறுநீரக நோய்: இவற்றுக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சில கர்ப்பத்துக்கு ஆகாதவை. சிறுநீரகம் ஏற்கெனவே பெரிதும் பழுதடைந்திருந்தால் கர்ப்பத்தின் சுமை அதை மேலும் கெடுக்கலாம்.

எல்லாவற்றிலும் பாடம் ஒன்றே. கேட்க வேண்டிய காலம் கருவுற்ற பின்பு அல்ல, முன்பு. 2016ஆம் ஆண்டு மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோரைப் பறிகொடுத்தோம். அந்தத் துயரத்துக்குப் பின் நம் பகுதியில் மலையில் வெடிப்பு இருக்கிறதா என்று மழைக்கு முன்பே பார்க்கிறோம். அப்படிப் பார்ப்பவரைக் கோழை என்று யாரும் சொல்வதில்லை. நோயுள்ள பெண்ணும் அவ்வாறே முன்கூட்டிப் பார்க்கட்டும்.

3. திருச்சபை கற்பிப்பது

"பிள்ளை பெறாமல் இருந்தால் பாவமா?" என்ற கேள்விக்கு இப்போது வருவோம். கடவுள் தருகிற எல்லாப் பிள்ளைகளையும் கணக்குப் பாராமல் ஏற்பதே கத்தோலிக்கக் கடமை என்று நம்மிற் பலர் எண்ணுகிறார்கள். இது திருச்சபையின் போதனை அன்று.

பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் 1951 அக்டோபர் 29ஆம் திகதி இத்தாலிய மருத்துவிச்சிகளுக்கு ஆற்றிய உரையில், உடல்நலம் போன்ற பாரதூரமான காரணங்கள் இருந்தால், நீண்ட காலத்துக்கோ திருமண வாழ்வு முழுவதுக்குமோ கூடப் பிள்ளைப்பேற்றுக் கடமையிலிருந்து தம்பதியர் விலகியிருக்கலாம் என்று தெளிவாக்கினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல், இத்தீர்ப்பை இறுதியில் கடவுள் முன்னிலையில் தம்பதியரே செய்ய வேண்டும் என்று கற்பித்தது. ஆறாம் பவுல் பாப்பரசர் 1968ஆம் ஆண்டு வெளியிட்ட 'மனித உயிர்' என்ற சுற்றுமடல், உடல், பொருளாதார, உள, சமூக நிலைகளை ஆராய்ந்து முடிவெடுப்பதையே பொறுப்புள்ள பெற்றோர் நிலை என்கிறது.

2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் யோசேவாஸ் அடிகளாரைப் புனிதராக உயர்த்திய நாளை நம்மில் பலர் நேரில் கண்டோம். அதே பயணத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டுக்கும் சென்று, 19ஆம் திகதி விமானத்தில் உரோமைக்குத் திரும்புகையில் அவர் பத்திரிகையாளரிடம் ஒன்றைச் சொன்னார். ஏழு முறை வயிற்றைக் கீறிப் பிள்ளை பெற்ற ஒரு தாய் எட்டாவது முறையும் கருவுற்றிருந்தாளாம். ஏழு பிள்ளைகளையும் அநாதைகளாக்கவா பார்க்கிறாய், இது கடவுளைச் சோதிப்பதல்லவா என்று தாம் அவளைக் கண்டித்ததாக அவர் கூறினார். கோபுரம் கட்டப் புறப்படுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று ஆண்டவரே உவமை சொல்லியிருக்கிறார் அல்லவா? கணக்குப் பார்ப்பது விசுவாசக் குறைவு அன்று.

இங்கே சிலர் புனித ஜியான்னா பெரெத்தா மொல்லாவை நினைவூட்டுவார்கள். இத்தாலியில் டாக்டராக இருந்த இப்புனிதை, நாலாவது பிள்ளையைச் சுமந்தபோது கருப்பையில் கட்டி இருப்பது தெரியவந்தது. சிசுவின் உயிரைக் காக்கும் சிகிச்சையையே அவர் தெரிந்துகொண்டார். 1962 ஏப்ரல் 21ஆம் திகதி மகளைப் பெற்று, 28ஆம் திகதி உயிர் நீத்தார். 2004ஆம் ஆண்டு புனிதராக உயர்த்தப்பட்டார். அவருடைய தியாகம் பெரிது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கட்டி தெரியவந்தபோது அவர் ஏற்கெனவே கருவுற்றிருந்தார். இன்னும் உருவாகாத பிள்ளைக்காக ஒரு பெண் தன் உயிரைப் பணயம் வைக்க வேண்டும் என்று அவருடைய வாழ்க்கை கற்பிக்கவில்லை. அவருடைய படத்தைக் காட்டி நோயாளியான மருமகளை வற்புறுத்துவது அப்புனிதைக்குச் செய்யும் அநீதி.

பிள்ளை வேண்டாம் என்று முடிவு செய்தால் வழி என்ன? பெண்ணின் உடலில் இயற்கையாகவே உள்ள கருவுறாக் காலங்களை அறிந்து நடப்பதையே திருச்சபை காட்டுகிறது. மேலெழுந்தவாரியாக நாள் எண்ணுவது அதுவன்று. பில்லிங்ஸ் போன்ற முறைகளைப் பயிற்சி பெற்றவரிடம் முறையாகக் கற்க வேண்டும். கணவனும் சேர்ந்து கற்க வேண்டும். உயிராபத்து இருக்கும் இடத்தில் சந்தேகமான நாள் ஒன்றைக்கூடத் துணியக் கூடாது. குடித்துவிட்டு வந்து கட்டளையிடும் கணவனோடு எந்த இயற்கை முறையும் நடைபெறாது என்பதையும் நான் அறிவேன். அங்கே முதலில் திருந்த வேண்டியவன் அவனே. கிளினிக்கில் வேறு முறைகளைப் பற்றிச் சொல்வார்கள் என்று பயந்து அங்கே போகாமல் இருந்துவிடாதீர்கள். சொல்வதையெல்லாம் கேளுங்கள். மனச்சாட்சி கலங்கினால் குருவிடம் வந்து மனம்விட்டுப் பேசுங்கள். திட்டுவதற்காக நாங்கள் இல்லை.

இனி, எதிர்பாராமல் கருவுற்றுவிட்டால்? அப்போது அங்கே இரு உயிர்கள் இருக்கின்றன. கருவை அழிப்பதைத் திருச்சபை ஏற்பதில்லை. தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்பை நம் நாட்டின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையும் அனுமதிப்பதில்லை. ஆனால் தாயின் நோய்க்கு வேண்டிய சிகிச்சையைச் செய்யத் திருச்சபை தடை சொல்லவில்லை. "டாக்டர் ஏசுவார்" என்று பயந்து கர்ப்பத்தை மறைப்பதே பெரிய ஆபத்து. நாள் தள்ளிப்போனால் அந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள்.

4. தீர்மானிப்பது யார்?

நம் தோட்டப் பெண்களின் உடலைப் பற்றிப் பிறர் தீர்மானித்த காலம் நீண்டது. 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அரசு பணம் கொடுத்தது. வறுமை ஒரு பக்கம் தள்ள, அந்தப் பணம் மறுபக்கம் இழுத்தது. அந்நிலையில் எடுத்த முடிவைச் சுதந்திரமான முடிவு என்பது கடினம். அதைக் கண்டிக்கிற நாமே, பிள்ளை பெறு என்று நோயாளியை நெருக்கினால் அதுவும் அதே குற்றந்தான். ஒருவர் அவளைப் பெறாதே என்று தள்ளுகிறார், மற்றவர் பெறு என்று தள்ளுகிறார். இருவரும் அவளைக் கேட்கவில்லை.

டாக்டர் உண்மையைச் சொல்லட்டும். குரு போதனையைச் சொல்லட்டும். மாமியார் செபிக்கட்டும், ஆனால் நேர்த்திக்கடனை மருமகளின் உயிரால் தீர்க்க முடியாது. தீர்மானம் கணவன் மனைவி இருவருடையது. அவ்விருவரிலும் உயிரைப் பணயம் வைப்பவள் மனைவி. ஆகவே அவள் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொன்னால் கணவன் அதோடு நிற்க வேண்டும். மனைவியை அன்பு செய்ய வாக்களித்தவன் அவளை முதலில் உயிரோடு காக்கக் கடமைப்பட்டவன்.

5. செய்ய வேண்டியவை

முதலாவது, மிட்வைப் அம்மா என்று நாம் அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். கருத்தரிக்குமுன் தம்பதியரைப் பரிசோதிக்கும் ஏற்பாடு சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தில் இருக்கிறது. அங்கிருந்து மாவனல்லைக்கோ கேகாலைக்கோ நிபுணரிடம் அனுப்புவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் கட்டணம் இல்லை.

இரண்டாவது, இருவரும் சேர்ந்து போங்கள். ஒரு நாள் பேர் போகும் என்று கணவன் நின்றுவிடக் கூடாது. சிங்களம் நன்றாக விளங்கும் ஒருவரை, ஆசிரியரையோ உபதேசியாரையோ, துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

மூன்றாவது, இக்கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்:

என் நோய் இப்போது எந்த அளவில் இருக்கிறது?
கர்ப்பம் என் நோயைக் கூட்டுமா? எந்த மாதத்தில் ஆபத்து அதிகம்?
நான் எடுக்கும் மருந்து பிள்ளையைப் பாதிக்குமா? மாற்று மருந்து உண்டா?
இந்நோய் பிள்ளைக்கும் வருமா?
முதலில் செய்ய வேண்டிய சிகிச்சை உண்டா? எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும்?
எந்த ஆஸ்பத்திரியில் பிரசவம் நடக்க வேண்டும்? எத்தனையாம் மாதத்தில் அங்கே போய்த் தங்க வேண்டும்?

நாலாவது, எந்த மருந்தையும் தாமாக நிறுத்த வேண்டாம். போலிக் அமில மாத்திரையைக் கருத்தரிக்குமுன்பே தொடங்க வேண்டும்; அளவை டாக்டர் சொல்வார்.

ஐந்தாவது, வீட்டுக் கணக்கையும் பாருங்கள். மாதக்கணக்கில் அவள் மலைக்குப் போக முடியாவிட்டால் செலவுக்கு என்ன வழி? நடு இரவில் மூச்சு முட்டினால் தோட்டத்துப் பாதையில் வாகனம் வருமா? பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?

6. எந்த முடிவாயினும்

எல்லாவற்றையும் அறிந்து, சிகிச்சை பெற்று, "ஆம்" என்று துணியும் தம்பதியரைப் பைத்தியக்காரர் என்று யாரும் பேசக் கூடாது. அவர்களுக்கு வேண்டியது பங்கு மக்களின் உதவி. தண்ணீர் சுமந்து கொடுக்கலாம். கிளினிக் நாளில் துணைக்குப் போகலாம்.

"இல்லை" என்று முடிவு செய்பவர்களை மலடி என்ற கொடிய சொல்லால் யாரும் குத்தக் கூடாது. அந்தச் சொல்லைச் சொல்பவர் பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சொல்லட்டும். பிள்ளையில்லாத திருமணமும் முழுமையான திருவருட்சாதனமே. மனமும் வசதியும் உள்ளவர்கள் நீதிமன்றத்தின் மூலம், நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் வழியாக, ஒரு பிள்ளையைச் சட்டப்படி சுவீகாரம் எடுக்கலாம். அதுவும் இயலாதவர்கள் இயலாதவர்களாகவே இருக்கட்டும். ஆசைப்பட்ட பிள்ளையைத் துறப்பது ஒரு துக்கம். அந்தத் துக்கத்தை மதித்து மௌனமாக இருப்பதே நாம் செய்யும் முதல் அன்பு.

இனி, பூசை முடிந்து காத்து நிற்கும் அந்தக் கணவனுக்குப் பதில் சொல்வோம். தம்பி, பாரதூரமான காரணத்துக்காகப் பிள்ளை பெறாமல் இருப்பது பாவமன்று. இவள் பிழைப்பாளா என்பதை நான் சொல்ல முடியாது. எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர் சொல்வார். இருவரும் சேர்ந்து போய்க் கேட்டு வாருங்கள். பிறகு நீ முதலில் பேசாதே. அவளைப் பேசவிடு.

சிந்தனைக்கு

(அன்பியக் கூட்டங்களிலும் திருமண ஆயத்த வகுப்புகளிலும் கலந்துரையாடலாம்.)

1. "பிள்ளை வேண்டாம்" என்ற டாக்டரின் சொல்லுக்கு எத்தனை பொருள்கள் இருக்கலாம்? நம் வீட்டில் யாருக்காவது அச்சொல் சரியாக விளங்காமல் இருக்கிறதா?
2. நம் லயத்தில் பிள்ளையில்லாத பெண்ணிடம் நாம் எப்படிப் பேசுகிறோம்?
3. கிளினிக்கில் மொழிபெயர்த்து உதவ நம் பங்கில் யார் முன்வருவார்கள்?
4. திருமணத்துக்கு முன்பே தம் நோயைப் பற்றி மணமக்கள் ஒருவருக்கொருவர் மறைக்காமல் சொல்லிக்கொள்ள நாம் எவ்வாறு உதவலாம்?